வலி நின்றுவிட்டது, மூட்டு தயாராகிவிட்டதா?

கேள்வி: எனக்கு வயது 23. தொழில்முறைக் கூடைப்பந்து அணியொன்றில் ஆட்டத்தை வழிநடத்தும் பாயின்ட் கார்டாக ஆடுகிறேன். இடது முழங்காலை நிலையாக வைத்திருக்கும் ஏ.சி.எல். ஜவ்வு கிழிந்து, அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதங்கள் ஆகின்றன. இப்போது வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. நேராக நன்றாகவே ஓடுகிறேன். அடுத்த மாதம் அணிக்கு இறுதிக்கட்டப் போட்டிகள். என் ஒப்பந்தமும் அத்துடன் முடிகிறது. ஆடாவிட்டால் சக வீராங்கனைகளைக் கைவிட்டதாகிவிடுமோ என்று மனம் உறுத்துகிறது. களமிறங்கலாமா?

பதில்: அடுத்த மாதம் களமிறங்க வேண்டாம். இதைப் படிக்கும்போது உங்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்பதை அறிந்தேதான் சொல்கிறேன்.

உங்கள் முழங்காலில் இப்போது இருப்பது பழைய ஜவ்வு அன்று. தொடையின் பின்புறத்திலிருந்தோ முழங்கால் சில்லை ஒட்டிய பகுதியிலிருந்தோ எடுத்த தசைநாணைத்தான் பெரும்பாலும் அங்கே பொருத்தியிருப்பார்கள். அந்த நாண் முதலில் தன் இரத்த ஓட்டத்தை இழந்து வலுக்குறைகிறது. பிறகு புதிய இரத்த நாளங்கள் ஊடுருவ, சிறிது சிறிதாக ஜவ்வின் தன்மையைப் பெறுகிறது. பல மாதங்கள் நீளும் இந்த மாற்றம் வலியாக வெளிப்படுவதில்லை. ஆகவே, வலியில்லை என்பதை வைத்து அது எந்த நிலையில் இருக்கிறது என்று கணிக்க முடியாது. நேராக ஓடுவதும் அதற்குப் பெரிய சோதனை அன்று. வேகமாக வந்து சட்டென்று நிற்கும்போதும், எதிராளியை ஏமாற்றித் திசைமாறும்போதும், ரீபவுண்டுக்கு, அதாவது வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்துக்குத் தாவி ஒற்றைக் காலில் தரையிறங்கும்போதும்தான் அதன்மேல் முழுச் சுமையும் விழுகிறது. இந்த ஜவ்வுக் காயங்களில் பெரும்பாலானவை யாரும் மோதாமலேயே, இத்தகைய அசைவுகளின்போதே நேர்கின்றன.

திசைமாற்றம் மிகுந்த விளையாட்டுகளை ஆடிய 106 பேரைத் தொடர்ந்து கவனித்த டெலவேர்–ஓஸ்லோ ஆய்வு 2016இல் வெளியானது. ஒன்பதாம் மாதம் வரை, களம் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயத்தின் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை அது காட்டியது. அந்தக் கணக்கை உங்களுக்குப் பொருத்திப் பார்த்தால், ஏழாம் மாதத்தில் ஆடுவது ஒன்பதாம் மாதத்தில் ஆடுவதைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு ஆபத்தானது. 25 வயதுக்குட்பட்டு விளையாட்டுக்குத் திரும்பியவர்களில் நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோர் மீண்டும் ஜவ்வைக் கிழித்துக்கொள்கிறார்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள். அது அதே முழங்காலாகவும் இருக்கலாம், மற்றொன்றாகவும் இருக்கலாம்.

ஒன்பது மாதம் என்பது குறைந்தபட்சக் காலம்; அது முடிந்ததும் கதவு தானாகத் திறந்துவிடாது. தொடையின் முன்தசை வலிமை, ஒற்றைக் கால் தாவல் தூரம் ஆகிய இரண்டிலும் காயமடைந்த கால் மற்றக் காலின் 90 சதவீதத்தையாவது எட்டியிருக்க வேண்டும் என்பது பரவலாகக் கையாளப்படும் அளவுகோல். இதில் இரண்டு இடங்களில் ஏமாந்துபோக வாய்ப்புண்டு. ஆறு மாத ஓய்வில் நல்ல காலும் வலுவிழந்திருக்கும் என்பதால், 90 சதவீதம் என்ற எண் உண்மை நிலையைவிட அழகாகத் தெரியலாம். காயத்துக்கு முந்தைய அளவீடுகள் அணியிடம் இருந்தால் அவற்றோடு ஒப்பிடச் சொல்லுங்கள். இடுப்பையும் கணுக்காலையும் கூடுதலாகப் பயன்படுத்தித் தூரத்தை எட்டிவிடவும் முடியும். எனவே தரையிறங்கும்போது முழங்கால் உள்நோக்கிச் சாய்கிறதா என்பதைக் காணொளியில் பதிவு செய்து, குறிப்பாக நீங்கள் களைத்திருக்கும் வேளையில், பிசியோ பார்க்க வேண்டும்.

ஒப்பந்தம் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. அமெரிக்க வீராங்கனை டமிக்கா காட்சிங்ஸ் 2001 தொடக்கத்தில், கல்லூரி அணியில் ஆடும்போது இதே ஜவ்வைக் கிழித்துக்கொண்டார். அதே ஆண்டில், புதிய வீராங்கனைகளை அணிகள் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், இந்தியானா ஃபீவர் என்ற தொழில்முறை அணி அவரை மூன்றாவது தேர்வாக எடுத்து, அந்தப் பருவம் முழுவதும் காத்திருந்தது. 2002இல் அவர் அறிமுக ஆண்டின் சிறந்த வீராங்கனையானார். எல்லா அணிகளும் இவ்வளவு பொறுமை காட்டுவதில்லை. இருந்தாலும், சோதனை முடிவுகளையும் மாதவாரியான மீட்புத் திட்டத்தையும் எழுத்தில் வைத்துக்கொண்டு பேசும் வீராங்கனைக்கு, அவசரமாக ஆடி மீண்டும் அறுவை மேசைக்குச் செல்பவரைவிட வலுவான பேரம் இருக்கும். அணி மருத்துவரின் கருத்தில் ஐயமிருந்தால், அணியோடு தொடர்பில்லாத மற்றொருவரிடமும் கேளுங்கள்.

அணியைக் கைவிடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாயின்ட் கார்டின் பணியில் பெரும்பகுதி ஆட்டத்தைப் படிப்பதுதான். அதற்கு முழங்கால் தேவையில்லை. எதிரணியின் தடுப்பாட்டம் எப்போது மாறுகிறது, திரையிடும்போது (எதிராளியின் வழியை உடலால் மறிக்கும்போது) யார் தாமதமாக நகர்கிறார் என்பவற்றைக் குறித்துவைத்து, உங்கள் இடத்தில் ஆடுபவரிடம் இடைவேளையில் இரண்டே வரிகளில் சொல்லுங்கள். அதிகம் சொன்னால் அவர் குழம்புவார். அணிக் கூட்டங்களையும் தவறவிடாதீர்கள். தனியே சிகிச்சை அறையில் நாட்களைக் கழிப்பவர்கள், திரும்பும்போது உடலளவில் தேறியிருந்தும் மனத்தளவில் அணிக்கு வெளியே நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

திரும்பும்போது முதலில் எதிராளி இல்லாத பயிற்சி, பிறகு ஒருவருக்கு ஒருவர், அரைக்களத்தில் மூவருக்கு மூவர், கடைசியாக ஐவர் ஆட்டம் என்று ஏறுங்கள். ஒவ்வொரு படிக்கும் அடுத்த நாள் காலையில் வீக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு படி இறங்குங்கள். முதல் போட்டிகளில் எத்தனை நிமிடம் ஆடுவது என்பதைப் பயிற்சியாளருடன் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஆட்டத்தின் சூட்டில் அந்த முடிவை எடுக்கக் கூடாது. தாவுதல், தரையிறங்குதல், சமநிலை ஆகியவற்றைப் பழக்கும் 15 முதல் 20 நிமிட முன்பயிற்சியை, ஆடும் காலம் முழுவதும் இரு கால்களுக்கும் செய்யுங்கள்.