கேமரா கேள்வி: மஹால்ல மூணு ஷாட் எதுக்கு?

கேள்வி: அண்ணே, போன ஞாயித்துக்கிழம மத்தியானம் திருமலை நாயக்கர் மஹால்ல படம் எடுக்கப் போனேன். நிழல்ல நின்னு முற்றத்தப் பாத்து எடுத்தா தூணெல்லாம் கரிக்கட்டையா விழுது, தூணுக்கு வெளிச்சத்தக் கூட்டுனா வானம் வெள்ளத்தாளாப் போயிருது. ப்ராக்கெட்டிங் போடுறான்னு கூட வந்த பய சொல்றான். அத எப்பப் போடணும், எப்பவும் போட்டே வச்சுக்கலாமா?
- திருப்பரங்குன்றம் வாசகர்

பதில்: உங்க மேல தப்பில்ல தம்பி, அந்த இடமே அப்படி. முற்றத்துல உச்சி வெயில் நேரா எறங்குது, சுத்தி மண்டபத்துல நல்ல நிழல், இது ரெண்டையும் ஒரே படத்துல புடிக்க சென்சாரால முடியாது, நம்ம கண்ணு எப்படியோ சமாளிச்சிருது. இதுக்குத்தான் ப்ராக்கெட்டிங், அதாவது ஒரே காட்சிய வெளிச்சத்த மாத்தி மாத்தி மூணு படமா எடுக்குறது. கேமராவோட வெளிச்ச மீட்டர் சொல்றபடி ஒண்ணு, 2 ஸ்டாப் கம்மியா ஒண்ணு, 2 ஸ்டாப் கூட்டி ஒண்ணு. ஒரு ஸ்டாப்புன்னா வெளிச்சம் டபுள், அப்படின்னா இருட்டா வர்ற படத்துக்கும் வெளுத்து வர்ற படத்துக்கும் 16 மடங்கு வித்தியாசம். வானத்த இருட்டுப் படத்துல இருந்தும் தூண வெளுத்த படத்துல இருந்தும் எடுத்து, லைட்ரூம்ங்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல சேத்துக்கலாம்.

அப்பர்ச்சர் ப்ரயாரிட்டியில (லென்ஸ் துவாரத்த நாம வச்சா ஷட்டர் வேகத்த கேமராவே பாத்துக்குற மோடு) வைங்க, ஆட்டோ ஐஎஸ்ஓவ (கேமரா தானா சென்சிட்டிவிட்டிய மாத்துறது) ஆஃப் பண்ணிருங்க, அப்பத்தான் ஷட்டர் வேகம் மட்டும் மாறும். நடுப்படம் 1/60 செகண்ட்னா மத்தது 1/250, 1/15ன்னு வரும். 1/15ல கை ஆடும். ட்ரைபாடு விடலைன்னா தூண்லயே சாஞ்சு நின்னு, கன்டினியூஸ் மோடுல மூணும் விழுற வரைக்கும் பட்டன விடாதீங்க.

ஆனா எல்லாத்துக்கும் வேணாம். அலங்காநல்லூர்ல காள பாயும்போது இதப் போட்டா மூணு படத்துலயும் காள மூணு இடத்துல நிக்கும், சேத்தா பேய் மாதிரி இருக்கும். தெப்பக்குளத்து மைய மண்டபத்த விடிகாலைல எடுக்குறீங்களா, தாராளமா போடுங்க, தெப்பம் சுத்துற அன்னைக்கு வேணாம். வெயில் எறங்கி வெளிச்சம் ஒரே சீரா இருக்குற சாயங்காலத்துல யானைமலைக்கும் இது தேவையில்ல, ஒரே ஒரு ரா படம் (கேமரா சுருக்காத மூலப் படம்) எடுத்து ஹிஸ்டோகிராம், அதாவது இருட்டுல இருந்து வெளிச்சம் வரைக்கும் காட்டுற வரைபடத்தப் பாருங்க, ரெண்டு ஓரத்துலயும் முட்டாம நின்னா அதுவே போதும், நெறைய பேரு இதப் பாக்காமலே மூணு மூணா எடுத்து கார்ட ரொப்புறாங்க.

கெளம்பும்போது மறக்காம ஆஃப் பண்ணிருங்க. நான் ஒருதரம் மஹால்ல இருந்து நேரா எங்க அக்கா பேத்தி காதுகுத்துக்குப் போயி அப்படியே எடுத்துத் தள்ளிட்டேன், தாய்மாமன் மடியில புள்ளைக்கு ஊசி எறங்குற அந்த ஒரு படம் கரெக்டா 2 ஸ்டாப் இருட்டுல விழுந்துருச்சு. எங்க அக்கா இன்னும் சொல்லிக் காட்டுது.