முட்டை ஏன் தண்ணீர் விடுகிறது?

கேள்வி: வேலை நாட்களில் காலை உணவைத் தவிர்க்கக் கூடாது என்று, ஞாயிறு இரவே முட்டையும் காய்கறியும் கலந்து மஃபின் ட்ரேயில் ஊற்றி ஓவனில் வேகவைத்து விடுகிறேன். சத்து போகாமல் இருக்க காளான், பசலைக்கீரை, தக்காளி எல்லாவற்றையும் பச்சையாகவே நறுக்கிப் போடுகிறேன். அன்று நன்றாகத்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை திறந்தால் டப்பாவின் அடியில் தண்ணீர், முட்டை ரப்பர் மாதிரி. எங்கே பிசகுகிறது? வெள்ளிக்கிழமை வரை வைத்திருக்கலாமா?

பதில்: நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். பச்சைக் காயைப் போடுவதை மட்டும் நிறுத்துங்கள். நீங்கள் சொன்ன மூன்று காய்களிலும் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அது ஓவனில் முட்டைக்குள்ளேயே கசிகிறது. எப்படியும் வேகத்தான் போகிறது என்பதால், பச்சையாகப் போட்டு நீங்கள் காப்பாற்றும் சத்தும் பெரிதாக இல்லை.

காளானை அகலமான கடாயில், மூடாமல் வதக்குங்கள். சிறிது நேரத்தில் தன் தண்ணீரிலேயே மிதக்கும். பலரும் அங்கேயே இறக்கிவிடுகிறார்கள், அவசரப்படாதீர்கள். நீர் சுண்டி, கொதிக்கும் சத்தம் போய்ச் சடசடவென்று பொரியும் சத்தம் வரும்வரை விடுங்கள். கீரையையும் அதே கடாயில் சுருள வதக்கி, அதன் நீரும் சுண்டும்வரை விடுங்கள். நீரைப் பிழிந்து கொட்டினால்தான் சத்து வீணாகும். சுண்டவிட்டால் தாது உப்புகள் கீரையோடே தங்கும். வதக்கியதை ஆறவிட்டு முட்டையில் கலக்குங்கள்.

8 முட்டைக்கு வதக்கிய காய் 2 கப், பால் கால் கப் சரியாக இருக்கும். மஞ்சள் கருவை ஒதுக்க வேண்டாம். கீரையில் உள்ள கரோட்டின் என்ற சத்து உடலில் சேர மஞ்சள் கருவின் கொழுப்பு உதவும்.

ரப்பர் தன்மைக்குக் காரணம் அதிக வேக்காடு. சூடு மிஞ்சினால் முட்டையின் புரதம் இறுகி, உள்ளே பிடித்துவைத்திருந்த நீரை வெளியே தள்ளிவிடும். 180 டிகிரி செல்சியஸில் 18 நிமிடத்திலேயே பார்க்கத் தொடங்குங்கள். ஓரம் இறுகி, நடுவில் திரவமாக எதுவும் இல்லாமல் லேசாக ஆடினால் எடுத்துவிடலாம். வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 71 டிகிரி காட்ட வேண்டும். உப்பி வந்தது வெளியே எடுத்ததும் அமுங்கும், அது இயல்புதான்.

சூட்டோடு டப்பாவை மூடாதீர்கள். நீராவி மூடியில் படிந்து மறுபடியும் முட்டை மீதே சொட்டும். கம்பித் தட்டில் ஆறவைத்து, 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

வெள்ளிக்கிழமை வரை ஃப்ரிட்ஜில் வேண்டாம். 3 அல்லது 4 நாள்தான் கணக்கு. நான் புதன்கிழமையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். மிச்சத்தை ஞாயிறு இரவே தனித்தனியாகச் சுற்றி ஃப்ரீசரில் போடுங்கள். வியாழனுக்கு உரியதைப் புதன் இரவும், வெள்ளிக்கு உரியதை வியாழன் இரவும் கீழே ஃப்ரிட்ஜுக்கு மாற்றினால் காலையில் உறைபனி விட்டிருக்கும். மைக்ரோவேவில் முழு வேகம் வைத்தால் மறுபடியும் ரப்பர்தான். பாதி வேகத்தில், மூடி, நடுப்பகுதி ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள்.

தக்காளியை மட்டும் முட்டையில் சேர்க்கவே வேண்டாம். காலையில் பச்சையாக நறுக்கிப் பக்கத்தில் வைத்துச் சாப்பிடுங்கள். நீங்கள் காப்பாற்ற நினைத்த வைட்டமின் சி அதில் அப்படியே கிடைக்கும்.