வாசகர் கேள்வி: சான்றிதழில் 2880, ஜன்னல் சட்டத்தில் தண்ணீர்

கேள்வி: வீட்டின் பின்பக்கம் மூன்று புறமும் நகர்த்தும் ஜன்னல்கள் வைத்து ஒரு சன்ரூம் கட்டினோம். ‘2880 பாஸ்கல் அழுத்தத்தில் தேறியது’ என்ற சோதனைச் சான்றிதழும் கொடுத்தார்கள். முதல் பெருமழையிலேயே கீழ்ச்சட்டம் நிரம்பித் தரையில் வழிந்துவிட்டது. சான்றிதழ் பொய்யா?

பதில்: பொய்யாக இராது. விற்றவர் பெரிய எண்ணில் விரல் வைத்துக் காட்டியிருப்பார். ஜன்னல் சோதனைக்கூடத்தில் இருபது வருடம் நனைந்தவன் நான். அந்த விரலை நன்றாகத் தெரியும்.

2880 என்பது ஜன்னல் உடைகிறதா, நிரந்தரமாக வளைகிறதா என்று பார்க்கும் சோதனை. அந்த அழுத்தத்தைப் பத்து விநாடி கொடுப்போம், அவ்வளவுதான். அதில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. வட அமெரிக்கத் தர விதிப்படி அது வடிவமைப்பு அழுத்தத்தைப் போல, அதாவது ஜன்னல் தாங்க வேண்டும் என்று கணக்கிட்ட காற்றழுத்தத்தைப் போல, ஒன்றரை மடங்கு. அப்படியானால் உங்கள் ஜன்னலின் வடிவமைப்பு அழுத்தம் 1920 பாஸ்கல். வீடுகளுக்கான ஜன்னலில் தண்ணீர்ச் சோதனைக்கு அதில் 15 சதவீதம் போதும். கணக்குப் போட்டால் சுமார் 290 பாஸ்கல். சான்றிதழின் இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், பாருங்கள்.

அந்தச் சோதனையில் ஜன்னலை ஒரு பெட்டியின் வாயில் பொருத்தி உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சுவோம். வெளியிலிருந்து ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 3.4 லிட்டர் வீதம் தண்ணீர் பீய்ச்சப்படும். நான் டார்ச் விளக்குடன் கீழ் மூலையருகே குந்தியிருப்பேன். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு கீழ்ச்சட்டத்தின் தடத்தில் தண்ணீர் மெல்ல உயரும். வடிய வேண்டிய துளை வழியாகவே காற்று குமிழியிட்டுக்கொண்டு உள்ளே வரும். 290 பாஸ்கல் கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்திவைக்கும். தடத்தின் உள்விளிம்பு அதைவிட உயரமாக இருந்தால் தப்பித்தோம். காற்று தணிந்ததும் தேங்கியது தானாக வெளியே வடிந்துவிடும். ஆக, தடத்தில் தண்ணீர் நிற்பது குற்றமல்ல, விளிம்பைத் தாண்டுவதுதான் குற்றம். உங்கள் உள்விளிம்பை ஒரு ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். தட்டையாக இருந்தால் அழகு என்று கேட்டு வாங்குகிறவர்கள் நிறைய. மழைக்கு அந்த அழகு புரிவதில்லை.

அடுத்து, தடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். வெளிப்பக்கத் துளை வழியாக வடிகிறதா? ஒரு வீட்டில் கசிவென்று என்னை அழைத்தார்கள். ஜன்னல் பொருத்தியவர் எல்லா வடிதுளைகளையும் வெளியிலிருந்து சிலிக்கோன் வைத்து அடைத்து, விரலால் வழவழவென்று நீவியும் விட்டிருந்தார். இவ்வளவு பொறுப்பான கைவேலையை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு கம்பியால் குத்தி எடுத்தோம். அன்றோடு பிரச்சினை தீர்ந்தது.

துளைகள் திறந்திருந்தும் கசிந்தால் இணைப்புகளைச் சந்தேகியுங்கள். சோதனைக்கு வந்தது பெரும்பாலும் ஒற்றை ஜன்னலாக இருந்திருக்கும். உங்கள் அறையிலோ அடுத்தடுத்து நான்கைந்து ஜன்னல்கள். நடுவிலுள்ள தூண்பட்டைகளை எந்தச் சோதனைப் பெட்டியும் பார்த்ததில்லை. போதாக்குறைக்கு வெயில். மூன்று மீட்டர் அலுமினியச் சட்டம் 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும், இரவில் சுருங்கும். யுபிவிசி என்ற பிளாஸ்டிக் சட்டமானால் இதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நீளும். மெல்லிய கோடாகப் பூசிய சீலன்ட் ஒரு கோடையிலேயே பிய்ந்துவிடும்.

ரப்பர் குழாயால் நீங்களே சோதிக்கலாம். ஒருவர் உள்ளே நிற்கட்டும். கீழிருந்து தொடங்கி, ஒவ்வொரு இணைப்பிலும் ஐந்து நிமிடம் நிறுத்தி, மேலே ஏறுங்கள். மேலிருந்து தொடங்கினால் வழியும் தண்ணீர் எல்லா இணைப்பையும் நனைத்துவிடும், எது திருடன் என்று தெரியாது.

கேள்வி: இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே பனி படிகிறது. துடைக்க வழி உண்டா?

பதில்: இல்லை. விளிம்பின் ஒட்டுச் சீல் விட்டுப்போய் ஈரம் உள்ளே புகுந்திருக்கிறது. இரு கண்ணாடிகளையும் விளிம்பில் பிரித்து நிறுத்தும் இடைப்பட்டையில் இருக்கும் ஈரமுறிஞ்சி மணிகளும் நிரம்பிவிட்டன. நல்ல கண்ணாடியை வாரக்கணக்கில் வெப்பம், ஈரம், புற ஊதா ஒளி எல்லாவற்றிலும் வாட்டியபின், அதன்மேல் மிகக் குளிர்ந்த உலோகக் கிண்ணத்தை ஒட்டிவைத்துப் பார்ப்போம். மைனஸ் 40 டிகிரி வரை உள்ளே பனி தட்டக் கூடாது. உங்களுடையது சாதாரணக் காலைக் குளிருக்கே தட்டுகிறது. துளையிட்டு உலர்த்தித் தருகிறோம் என்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள், சீல் அப்படியேதான் இருக்கும். சட்டம் நன்றாக இருந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றுங்கள். மாற்றும்போது அடிவிளிம்பு தண்ணீரில் ஊறாதபடி கீழே தாங்குகட்டைகள் வைக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பழையது பெரும்பாலும் அங்கிருந்துதான் கெட்டிருக்கும்.