நல்ல பல்லுக்கு எதற்கு ரூட் கேனால்?

கேள்வி: எனக்கு வயது 46. வலது கீழ்த்தாடையில் முதல் பெரிய கடைவாய்ப்பல் சொத்தை முற்றி, ஐந்து மாதம் முன்பு பிடுங்கிவிட்டார்கள். இரு பக்கத்துப் பற்களிலும் எந்தத் தொந்தரவும் இல்லை. க்ளினிக்கில், "பக்கத்துப் பற்களுக்கு ரூட் கேனால் பண்ணி, ஐந்து யூனிட் ஜிர்கோனியா (பீங்கான் வகை) பிரிட்ஜ் போட்டுவிடலாம், 15 வருட வாரண்டி" என்கிறார்கள். நாத்தனாரோ, தங்கள் ஊரில் ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஃபிக்ஸட் பல் கட்டித் தருவதாகச் சொல்கிறார். எதைச் செய்வது? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: இரண்டும் வேண்டாம். நாத்தனார் சொன்ன ஆள் பக்கமே போகாதீர்கள். க்ளினிக் சொன்னதில் பிரிட்ஜ் என்ற யோசனை தப்பில்லை. ஐந்து யூனிட்டும், பல்லின் நரம்பை எடுக்கும் ரூட் கேனாலும்தான் இடிக்கின்றன.

பிரிட்ஜுக்கு, இல்லாத பல்லின் இரு பக்கத்துப் பற்களையும் ராவிச் சிறிதாக்குவார்கள். அந்த இரண்டுக்கும் கேப், நடுவில் பொய்ப்பல், மூன்றும் ஒரே துண்டாக லேபிலிருந்து வரும். அதைச் சிமென்ட் வைத்து ஒட்டுவார்கள். இரு பக்கப் பற்களும் ஆடாமல், எலும்பு நன்றாக இருந்தால் உங்களுக்கு மூன்று யூனிட் தாராளம். அப்படியானால் ஐந்து எங்கிருந்து வந்தது? இந்தத் தொழிலில் கட்டணம் யூனிட் கணக்கு. பொய்ப்பல்லும் ஒரு யூனிட், கூடுதலாக ராவும் ஒவ்வொரு பல்லும் ஒரு யூனிட். "இன்னும் ஸ்ட்ராங்கா இருக்கும்" என்றால் யார்தான் மறுப்பார்கள்? ஏன் கூடுதலாக இரண்டு பற்களைச் சேர்க்கிறீர்கள் என்று எக்ஸ்ரேயில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பல்லின் எனாமல் மிகத் தடிமனான இடத்திலேயே சுமார் 2.5 மி.மீ.தான். கேப்புக்காகச் சுற்றிலும் ஒன்று, ஒன்றரை மி.மீ. போய்விடும். போனது திரும்ப வளராது. இத்தனைக்கும் ஆரோக்கியமான பல்லை ராவ ரூட் கேனால் தேவையில்லை. மரத்துப்போக ஊசி போட்டால் வலிக்காது. ராவிய கையோடு தற்காலிக கேப் வைத்துவிட்டால் கூச்சமும் அடங்கும். "பின்னால் நரம்பு கெட்டுப்போகலாம், இப்போதே எடுத்துவிடலாம்" என்பார்கள். சில பற்களில் அப்படி ஆவது உண்மைதான். அதற்காக, என்றைக்கோ குடல்வால் வீங்கும் என்று இன்றைக்கே அறுத்து எடுக்கிறோமா? உயிருள்ள பல், கேப்புக்கு அடியில் சொத்தை விழுந்தால் சுரீரென்று கூசிக் காட்டிக்கொடுக்கும். நரம்பெடுத்த பல் உள்ளே உளுத்துப்போனாலும் வாய் திறக்காது.

ஒரே ஒரு விலக்கை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கடைவாய்ப்பல் போய்ப் பல வருடம் ஆனவர்களுக்கு, பின்னால் இருக்கும் பல் காலி இடத்தை நோக்கி முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். பிரிட்ஜ் ஒரே துண்டு. ஒரே திசையில்தான் மேலிருந்து இறங்கும். ஒரு பல் நிமிர்ந்தும் இன்னொன்று சாய்ந்தும் இருந்தால் அது உட்காராது. சாய்ந்த பல்லின் ஒரு பக்கத்தை நிறைய ராவி நேராக்கப் பார்த்தால் நரம்பு வெளியே வந்துவிடும். அங்கே ரூட் கேனால் நியாயம். அதிலும், சாய்ந்த அந்த ஒரு பல்லுக்கு மட்டும். முன்னால் நேராக நிற்கும் பல்லுக்கு இல்லை. க்ளிப் போட்டுச் சில மாதங்களில் பல்லை நிமிர்த்தும் வழியும் உண்டு. பொறுமை இருப்பவர்களுக்கு அது இன்னும் நல்லது. உங்களுக்கு ஐந்து மாதம்தானே ஆகிறது? பெரிதாகச் சாய்ந்திருக்க வாய்ப்புக் குறைவு. எக்ஸ்ரேயைப் பார்த்தால் சாய்வு உங்கள் கண்ணுக்கே தெரியும், டாக்டர் படிப்பு வேண்டாம்.

15 வருட வாரண்டி கார்டு மேல் நம் மக்களுக்கு ஒரு தனி மயக்கம். அது ஜிர்கோனியா உடைந்தால் மாற்றித் தருவதற்கு. அடியில் உங்கள் பல் சொத்தையானாலோ, ஈறு இறங்கினாலோ அந்த கார்டு எதற்கும் உதவாது. கெட்டுப்போவது பெரும்பாலும் அடிப்பல்தான். எந்த லேபில் செய்தது, என்ன பொருள் என்பதையும் எழுதி வாங்குங்கள். பில்லில் "டென்டல் ட்ரீட்மென்ட்" என்று ஒற்றை வரி போட்டுக் கொடுப்பதை இங்கே யாரும் கேட்பதில்லை. வாய்க்குள் போகும் உலோகம் எது என்று தெரியாமலே ஆயிரக்கணக்கில் கட்டிவிட்டு வருகிறோம். "இன்றே அட்வான்ஸ் கட்டினால் தள்ளுபடி" என்று இலவச முகாமில் கூப்பன் நீட்டினாலும் வாங்காதீர்கள். கடைவாய்ப்பல் இல்லாதது அவசர சிகிச்சை தேவைப்படும் விஷயம் இல்லை.

நாத்தனாரின் ஆள் செய்வது என்ன தெரியுமா? பொடியையும் திரவத்தையும் குழைத்து, ரெடிமேட் பல்லை வாய்க்குள்ளேயே வைத்து, பக்கத்துப் பற்களோடு கம்பியால் இறுக்கிவிடுவார். கழற்றவும் முடியாது, கழுவவும் முடியாது. அடியில் சோறும் கிருமியும் தங்கி ஈறு அழுகி, எலும்பு கரைந்து, நன்றாக நின்ற பற்களும் ஆடத் தொடங்கும். பதிவு பெற்றவர் மட்டுமே பல் மருத்துவம் பார்க்கலாம் என்று 1948-லேயே சட்டம் வந்துவிட்டது. போர்டுகள் இன்னும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் தொங்குகின்றன. அதிகாரிகளும் அந்த வழியாகத்தான் போய் வருகிறார்கள். யாரிடம் போனாலும் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். கூச்சம் வேண்டாம்.

பக்கத்துப் பற்கள் இரண்டும் நிஜமாகவே நல்லவை என்றால் என் முதல் யோசனை இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் திருகு பதித்து அதன் மேல் பல் வைப்பது. அது எலும்பில் தனியாக நிற்கும், பக்கத்துப் பல்லைத் தொடாது. செலவு கூடுதல், சில மாதம் காத்திருக்க வேண்டும். சர்க்கரை இருந்தால் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். விபத்தில் போன பல் தவிர மற்றதற்கு நம் மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை சல்லிக்காசு தராது; வாய் ஏதோ உடம்புக்கு வெளியே இருப்பது போல! கையைக் கடித்தால் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். சென்னையில் இருக்கிறது, இப்போது புதுக்கோட்டையிலும் இருக்கிறது. வரிசையில் நிற்க வேண்டும், பல தடவை வரச் சொல்வார்கள். ஆனால் யூனிட்டைக் கூட்டிச் சொல்ல அங்கே யாருக்கும் அவசியமில்லை.

எதையுமே செய்யாமல் வருடக்கணக்கில் விட்டால் மேலே இருக்கும் பல் கீழே இறங்கத் தொடங்கும். எனவே, இந்த மாதத்துக்குள் எக்ஸ்ரேயின் நகலை க்ளினிக்கில் கேட்டு வாங்கிக்கொண்டு, அவர்களோடு தொடர்பில்லாத வேறொரு பல் மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் க்ளினிக் என்ன சொன்னது என்பதை மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள். கடைசியில் பிரிட்ஜ்தான் என்று முடிவானால், பொய்ப்பல்லுக்கு அடியில் தினமும் ராத்திரி சுத்தம் செய்ய சூப்பர் ஃப்ளாஸ் என்ற நூலோ, இடுக்கில் நுழையும் சின்ன பிரஷ்ஷோ வாங்கிக்கொள்ளுங்கள். மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும்.