இயர்போன் ஒலியை எடைபோடுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: புதிதாக வாங்கிய இன்-இயர் இயர்போனில் பேஸே (கனமான தாழ்ந்த ஒலி) இல்லை. டப்பாவில் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்று போட்டிருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: அவசரப்படாதீர்கள். பாட்டை ஓடவிட்டு, இரண்டு பக்கமும் விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். பேஸ் குபீரென்று கூடினால் இயர்போன் மேல் குற்றமில்லை, இயர்டிப் (காதுக்குள் போகும் மென்மையான முனை) சரியாக அடைக்கவில்லை. சின்ன இடுக்கு இருந்தாலும் முதலில் கசிந்து போவது பேஸ்தான். பலருக்கு இரண்டு காதும் ஒரே அளவில் இருக்காது. எனக்கே இடது பக்கம் நடுத்தரம், வலது பக்கம் பெரியது. ரப்பர் டிப் நிற்கவில்லை என்றால் ஃபோம் டிப் போட்டுப் பாருங்கள், ட்ரெபிள் (கூர்மையான உயர்ந்த ஒலி) மட்டும் சற்று மழுங்கலாம்.

டப்பாவில் இருக்கும் எண்ணை மறந்துவிடுங்கள். அந்த வீச்சு முழுவதும் சத்தம் எத்தனை டெசிபல் (சத்தத்தின் அலகு) ஏற்ற இறக்கத்துக்குள் இருக்கும் என்று சொல்லாதவரை அதற்கு அர்த்தமே கிடையாது.

கேள்வி: இரண்டு இயர்போன்களை மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒன்றில் எல்லாமே பளிச்சென்று இருந்தது. அதையே வாங்கலாமா?

பதில்: சத்தம் இரண்டிலும் ஒரே அளவா? போனில் வால்யூமை மாற்றாமல் கேட்டிருந்தால் பெரும்பாலும் இருந்திருக்காது, ஏனென்றால் ஒவ்வொன்றின் சென்சிட்டிவிட்டியும் (அதே வால்யூமில் எவ்வளவு சத்தம் தரும் என்பது) வேறு. ஒரு டெசிபல் கூடினால் நமக்குச் சத்தம் கூடியதாகத் தோன்றாது, 'நன்றாக இருக்கிறது' என்றுதான் தோன்றும். இன்னொன்று, சத்தம் குறையும்போது நம் காதுக்கு பேஸ் எட்டுவது வேகமாகக் குறையும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்களும் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே இரண்டையும் சமமாக வைத்த பிறகு ஒப்பிடுங்கள். போனின் வால்யூம் படிகள் பெரியவை, துல்லியமாகச் சமன் செய்ய வராது. நான் ஒரு சூழ்ச்சி செய்வேன்: மனசு எதன் பக்கம் சாய்கிறதோ அதை ஒரு படி குறைத்து வைப்பேன். அப்போதும் அது ஜெயித்தால் சரி.

கேள்வி: எந்தப் பாட்டை வைத்துச் சோதிக்க வேண்டும்?

பதில்: பாட்டுக்கு முன்னால் பேச்சு. இசை இல்லாமல் ஒருவர் பேசும் நல்ல பதிவு போதும். மனிதக் குரல் எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஏமாற்ற முடியாது. ஆண் குரல் பானைக்குள்ளிருந்து வருவது போல உப்பியிருந்தால் மிட்-பேஸ் (பேஸின் மேல் பகுதி) அதிகம். 'ஸ', 'ஷ' ஊசி போலக் குத்தினால் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மேடு இருக்கிறது, அதாவது அந்த இடத்தில் ஒலி தூக்கலாக இருக்கிறது. பேசுகிறவர் பக்கத்து அறையில் இருப்பது போலிருந்தால் 2, 3 கிலோஹெர்ட்ஸில் பள்ளம். அப்புறம் நூறு தடவை கேட்டு மனப்பாடமான உங்கள் பாட்டைப் போடுங்கள். நிறைய வாத்தியங்கள் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் ஒன்றை மட்டும் விடாமல் பின்தொடர முடிகிறதா பாருங்கள்.

கேள்வி: எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் கிராஃப் நேர்கோடாக இருப்பதுதானே நல்லது? பல மாடல்களில் 3 கிலோஹெர்ட்ஸ் அருகே பெரிய மேடு இருக்கிறதே?

பதில்: அந்த மேடு வேண்டும். திறந்த காதுத் துளையே அந்த இடத்தில் ஒலியைக் கூட்டிக் கொடுக்கிறது. துளையை இயர்போன் அடைக்கும்போது அந்த இயற்கை மேடு கலைந்துவிடும். அதை இயர்போன் ஈடு செய்யாவிட்டால் குரலில் உயிர் இருக்காது. 8 கிலோஹெர்ட்ஸ் அருகே தெரியும் கூர்முனையை மட்டும் முழுசாக நம்பாதீர்கள். பெரும்பாலும் அது அளக்கும் கருவிக்குள் உண்டாகும் ஒத்ததிர்வு. உங்கள் காதில், எவ்வளவு ஆழமாகச் செருகுகிறீர்கள் என்பதைப் பொறுத்து அது இடம் மாறும்.

கேள்வி: இயர்போனுக்குள் ஐந்து டிரைவர் (ஒலியை உண்டாக்கும் குட்டி ஸ்பீக்கர்) இருந்தால் ஒரு டிரைவரைவிட நல்லதா?

பதில்: இல்லை. நன்றாக டியூன் செய்த ஒன்று, மோசமாகச் சேர்த்த ஐந்தைத் தோற்கடிக்கும்.

கேள்வி: புது இயர்போனை 100 மணி நேரம் ஓடவிட்டால் ஒலி திறந்துகொள்ளும், அதாவது மெருகேறும் என்கிறார்களே?

பதில்: என் அனுபவத்தில் திறந்துகொள்வது நம் காதுதான், பழகிவிடுகிறது. முதல் நாள் குத்திய ட்ரெபிள் பத்தாம் நாள் சாதாரணமாகத் தெரியும். பழையதை எடுத்துக் கேட்டால் அது மந்தமாக இருக்கும். பிடிக்காததைத் திருப்பிக் கொடுக்க வழியிருந்தால், 100 மணி நேரம் காத்திருந்து கெடுவைத் தவறவிடாதீர்கள்.