மூக்கு வழியாக மூளை ரத்தக்குழாய் வீக்கத்தைச் சரிசெய்ய முடியுமா?

கீழக்கரையில் சங்கு குளிக்கும் உங்கள் வாப்பாவுக்கு மூளை ரத்தக்குழாயில் வீக்கம், அதாவது குழாயின் சுவர் பலவீனமாகி பலூன்போல் உப்பும் அனியூரிசம். மண்டையைத் திறக்காமல் மூக்கு வழியாகவே முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் வெகு சிலருக்குத்தான்.

மூக்கின் பின்கோடியில் எலும்புக்குள் ஒரு காற்றறை இருக்கிறது. அதற்கு மேலே பிட்யூட்டரி சுரப்பி, இரு பக்கமும் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்கள். சுமார் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள எண்டோஸ்கோப்பை (உள்ளே பார்க்க உதவும் கேமராக் குழாய்) நுழைத்து, அந்த மெல்லிய எலும்பைக் குடைந்து உள்ளே போகிறார்கள். பிட்யூட்டரி கட்டிகளுக்கு இது வழக்கமான வழி. ரத்தக்குழாய் வீக்கம் அப்படியில்லை. அறுவை சிகிச்சையின் நடுவில் வீக்கம் வெடித்துவிட்டால், அந்தக் குறுகிய பாதையில் ரத்தத்தை நிறுத்துவது மிகக் கடினம். அப்புறம், மூளையைச் சுற்றியுள்ள நீர் மூக்கில் கசிந்தால் மூளைக்காய்ச்சல் வரலாம். அதைத் தடுக்க மூக்கின் நடுச்சுவர்ச் சவ்வையே திருப்பி ஒட்டுப்போடுவார்கள்.

அதனால் பெரும்பாலும் தொடை அல்லது மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாய் செலுத்தி, வீக்கத்துக்குள் பிளாட்டினச் சுருளை நிரப்புவார்கள். அல்லது மண்டையைத் திறந்து, வீக்கத்தின் அடியில் கிளிப் போட்டு ரத்தம் புகாமல் அடைப்பார்கள். சில சிறிய வீக்கங்களைக் கண்காணித்தாலே போதும். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஸ்கேன் படங்களைக் கையோடு கொண்டுபோய், வீக்கம் எந்த இடத்தில், எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள்.

சங்கு குளித்து மேலே வருபவர்களின் கழுத்து நரம்பு புடைத்திருப்பதைக் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த அழுத்தம் வீக்கத்துக்கு ஆகாது. டாக்டர் சரி என்று சொல்லும்வரை வாப்பா கடலில் மூழ்கவே வேண்டாம். பீடி பிடித்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். இதுவரை வராத அளவுக்குத் திடீர்த் தலைவலி, வாந்தி, கழுத்து இறுக்கம் வந்தால், தைலம் தேய்த்துப் பார்க்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.