பழைய டர்போ வாங்கலாமா?

கேள்வி: டர்போ இல்லாத பழைய மகிந்திரா ஜீப்பின் 2523 சிசி டிஐ டீசல் எஞ்சினைப் பிரித்து நானே கட்டிக்கொண்டிருக்கிறேன். மதுரையில் ஒரு பழைய இரும்புக் கடையில் டர்போ 6,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. "கையால சுத்திப் பாருங்க, ஃப்ரீயா சுத்துது" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? – வாசகர், திருமங்கலம்

பதில்: கையால் சுற்றுவதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். எஞ்சின் புகையின் வேகத்தில் சுழன்று, காற்றை எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளுவதுதான் டர்போ. ஓட்டத்தில் அதன் ஷாஃப்ட் (நடுத்தண்டு) நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும். அதைத் தாங்குவது, ஷாஃப்டைச் சுற்றியுள்ள உலோக வளையமான புஷ்ஷுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் நிற்கிற மெல்லிய ஆயில் படலம். புஷ் தேய்ந்த டர்போவும் கையில் ஜோராகத்தான் சுற்றும்.

காற்று உள்ளே போகும் பக்கம் விரலை விட்டு, ஷாஃப்ட் முனையில் உள்ள நட்டைப் பிடியுங்கள். மேலும் கீழும் லேசான ஆட்டம் இருந்தால் பயப்பட வேண்டாம், ஆயில் இல்லாததால் அந்த இடைவெளி தெரிகிறது. நட்டை ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டே சுற்றுங்கள். இறக்கை உறையில் உரசினால் கீழே வைத்துவிடுங்கள். அப்புறம் முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். கைக்குத் தெரிகிற அளவு ஆட்டம் வந்தால் ஷாஃப்ட் முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். டார்ச் அடித்து இறக்கை விளிம்பையும் பாருங்கள். மழுங்கியோ பல் விழுந்தோ இருந்தால் ஏர் ஃபில்டரைக் கவனிக்காமல் ஓட்டிய வண்டி அது. கடைசியாக ஆயில் நுழையும் துளை. உள்ளே நகத்தால் சுரண்டும்போது கரி பொருக்குப் பொருக்காக உதிர்ந்தால், ஆயிலே மாற்றாத எஞ்சினில் வெந்துபோன டர்போ அது. ஷாஃப்ட் நீலம் பூத்திருந்தாலும் அதே கதைதான்.

இவ்வளவும் தேறினாலும், உதிரியாகக் கிடக்கும் டர்போவை நான் இரண்டாம்பட்சமாகத்தான் வைப்பேன். விபத்தில் கண்டமான வண்டியின் எஞ்சினில் இன்னும் பூட்டியபடி இருப்பதைத் தேடுங்கள். மோதி நின்றுபோன வண்டியில் டர்போ நல்லபடியாக இருக்க வாய்ப்பு அதிகம். தானாகக் கெட்டு இறக்கப்பட்ட டர்போவாக இருந்தால் அதன் வியாதியும் கூடவே வரும். உங்களுக்குப் பொருத்தமானது பொலிரோ டிஐ டர்போவிலிருந்து வருவது, அதுவும் 2523 சிசி எஞ்சின்தான். மேனிஃபோல்டு (டர்போவை எஞ்சினோடு இணைக்கும் புகைக்குழாய்), ஆயில் திரும்பும் குழாய் எல்லாவற்றையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் டர்போவில் மிச்சம் பிடித்த காசு கப்பலூர் லேத் பட்டறையில் ஃபிளாஞ்ச் (இணைப்புத் தகடு) கடைவதற்கே போய்விடும். ஸ்விஃப்ட் டீசல் டர்போ மலிவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 1248 சிசிக்கு அளவெடுத்துச் செய்தது உங்கள் எஞ்சினுக்குப் போதாது.

ஆயில் வரும் குழாயையும் கேஸ்கெட்டுகளையும் மட்டும் புதிதாகவே போடுங்கள். திரும்பும் குழாய் மடங்காமல் நேராகச் சம்புக்கு (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) இறங்க வேண்டும். ஆயில் திரும்ப வழியில்லாவிட்டால் நல்ல டர்போவும் புகை தள்ளும். டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் பழையதாகப் போடுவதானால் கழுவிக் காயவையுங்கள். உள்ளே தேங்கிய ஆயிலை இழுத்து டீசல் எஞ்சின் சாவியை அணைத்தும் நிற்காமல் ஓடும் அபாயம் உண்டு. பிஸ்டன் டர்போவின் சூட்டைத் தாங்குமா என்பதை சிலிண்டரைக் கடைந்து போரிங் போடுகிறவரிடம் இப்போதே கேளுங்கள், எஞ்சினை மூடிய பிறகு கேட்டுப் பயனில்லை. ரோட்டில் ஓட்டுவதாக இருந்தால் ஆர்டிஓ அலுவலகத்தில் முன்கூட்டியே பேசுங்கள். வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இதில் குறுக்கே வரும்.

கேள்வி: புது டர்போ என்று சொன்னதை நம்பி வாங்கினேன். மெக்கானிக் பிரித்துப் பார்த்து ரீகண்டிஷன் (பழையதைப் பழுதுபார்த்தது) என்கிறார். பில் தரவில்லை. "வித்ததைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறது கடை. – வாசகர், மேலூர்

பதில்: அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. பழுதுபார்த்த பொருளைப் புதியது என்று விற்பதும், பில் தர மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பழுதான பொருளைத் திரும்பப் பெற பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் கணக்கு. அதனால் தள்ளிப்போடாதீர்கள். டர்போவைப் பூட்ட வேண்டாம். தகட்டில் உள்ள நம்பரோடு படம் எடுத்து, மெக்கானிக்கிடம் நான்கு வரி எழுதி வாங்கி, பணம் அனுப்பிய பதிவையும் சேர்த்துக் கடைக்கு ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் போடுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள், அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வழக்குப் போட 2 ஆண்டு அவகாசம் உண்டு.